கைபேசியும் ஒரு கிராமத்துக் கோயிலும்

அறிவியல் என்றாலே இலட்சக்கணக்கில் பணம் கொட்டிச் செய்ய வேண்டிய ஒன்று என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. வழிபாட்டுக்கும் அறிவியலுக்கும் என்ன உறவு என்று கேட்போரும் உண்டு. இவ்விரு சாராரும் செஞ்சிப் பக்கத்தில் உள்ள ஒரு சிறு கிறிஸ்தவ சபைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்த்தால் நன்றாக இருக்கும். அங்கே உள்ளவை 30 குடும்பங்கள், தகரக் கூரை வேய்ந்த ஒரு கோயில், பழைய கைபேசி இரண்டு, ரூ. 300 விலையில் வாங்கிய ஒலிவாங்கி ஒன்று. இவ்வளவுதான்.

என் ஊர் சிங்கவரம். குன்றைக் குடைந்து அமைத்த கோயிலில் பள்ளிகொண்டிருக்கும் அரங்கநாதரைக் கும்பிடும் ஊர். “சிங்கவரத்துப் பிள்ளைக்குச் சர்ச்சில் என்ன வேலை?” என்று வகுப்பில் சிலர் கேலியாகக் கேட்டதுண்டு. பள்ளியில் என்னோடு படித்த நண்பனின் தந்தை அந்தச் சபையின் உபதேசியார். ஆயர் பல ஊர்களுக்குப் பொறுப்பானவர். மாதம் ஒருமுறை திருவிருந்து கொடுக்க வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துபவர் உபதேசியாரே. ஒருநாள் அவர் என்னை அழைத்து, “தம்பி, நீ பிசிக்ஸ் படிக்கிற பிள்ளை. நம்ம கோயில் பாட்டு திருப்பூர் வரைக்கும் கேக்கணும். பெருசா செலவு வைக்காம ஒரு வழி சொல்லு” என்றார்.

அவர் கவலை நியாயமானது. சபை இளைஞரில் பாதிப்பேர் திருப்பூரிலும் பெங்களூரிலும் சென்னையிலும் வேலை செய்கிறார்கள். ஊரில் தங்கியிருக்கும் முதியோரில் நால்வர் படுக்கையை விட்டு எழ இயலாதவர்கள். முழங்கால் வலியால் மலைப்படி ஏற முடியாமல், அடிவாரத்தில் நின்றே அரங்கநாதரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் ஆயா எங்கள் வீட்டிலும் உண்டு. ஆகவே அந்த நால்வரைப் பற்றி எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சபையார் முதலில் கேட்டது யூடியூப் நேரலைதான். 2020-ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தில், ஏப்ரல் 12-ஆம் நாள் வந்த ஈஸ்டர் திருநாளன்று கோயில்கள் மூடிக் கிடந்தபோது, பெரிய சபைகள் பலவும் ஆராதனையை யூடியூபில் ஒளிபரப்பின. அந்த நினைவு எல்லோருக்கும் இருந்தது. ஆனால் கைபேசியிலிருந்து நேரலை செய்ய வேண்டுமானால் குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும் என்பது யூடியூபின் விதி. சபையில் சேர்ந்தவர்கள் 39 பேர். நம் வகுப்புத் தோழர்கள் 11 பேர் கைகொடுத்ததால் கணக்குச் சரியாயிற்று. (அவர்களில் ஒருவர்கூட இதுவரை ஓர் ஆராதனையையும் பார்த்ததில்லை என்பது வேறு கதை.)

நேரலை நடந்தது, ஆனால் ஓடவில்லை. பாடலின் நடுவில் படம் நின்றுவிடும். உபதேசியார் வாய் திறந்தபடியே அரை நிமிடம் உறைந்திருப்பார். ஓரளவு தெளிவான படத்துக்கு நொடிக்கு ஒரு மெகாபிட் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு மணி நேரத்துக்கு 450 எம்.பி. ஆகிறது. அதே ஒரு மணி நேரத்தை, நொடிக்கு 24 கிலோபிட் அளவில் ஒலியாக மட்டும் அனுப்பினால் 11 எம்.பி.யைத் தாண்டாது. நாற்பதில் ஒரு பங்கு! கோயிலின் சுவரையும் மேசை விரிப்பையும் பார்ப்பதற்காக மற்ற முப்பத்தொன்பது பங்கையும் செலவழிக்க வேண்டுமா என்று கேட்டேன். சிலருக்கு மனக்குறைதான். அடுத்த ஊர்ச் சபையில் படம் வருகிறதே என்றார்கள். உபதேசியார் மட்டும், “விசுவாசம் கேள்வியினாலதானே வரும்” என்று சிரித்தார்.

ஒலி என்று முடிவான பிறகு அதைத் திருத்தும் வேலை வந்தது. தகரக் கூரைக்குக் கீழே எதிரொலி மிகுதி. பத்தடி தள்ளி வைத்த கைபேசியில், பேச்சைக் காட்டிலும் மின்விசிறியின் சத்தமே முன்னால் வந்தது. ஒலிச்செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் குறையும் என்று நாம் படித்திருக்கிறோம் அல்லவா? சட்டையில் குத்தும் சிறிய ஒலிவாங்கியை வாயிலிருந்து அரையடி தூரத்தில் வைத்தால், தொலைவு இருபதில் ஒன்றாகிறது. நேரே வந்து சேரும் பேச்சொலியின் செறிவு ஏறத்தாழ 400 மடங்காகிறது. தேர்வுக்காக நெட்டுருப் போட்ட அந்த விதி பயன்பட்டதை நான் கண்ணால் கண்டது, இல்லை, காதால் கேட்டது அன்றுதான்.

இப்போது ஆராதனையைப் பதிவு செய்து வாட்சப் குழுவில் இடுகிறார்கள். திருப்பூரில் இரவு வேலை முடித்துத் தூங்கி எழுபவர் தமக்கு வசதியான நேரத்தில் கேட்கிறார். படுக்கையில் உள்ள நால்வரிடம் இருப்பவை பொத்தான் கைபேசிகள். அவற்றில் இணையம் கிடையாது. இணையம் வேண்டாதவர்களுக்குப் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான கட்டணத் திட்டம் தனியே தரப்பட வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி செய்தது இத்தகையோருக்காகத்தான். ஞாயிறு காலை பத்து மணிக்கு, கோயிலின் இரண்டாவது கைபேசியிலிருந்து நால்வரையும் ஒருவர்பின் ஒருவராக ஒரே அழைப்பில் இணைக்கிறோம். அதில் ஐந்து பேர் வரை சேரலாம். நால்வரில் ஓர் ஆயா பாட்டு வந்ததும் தாமும் சேர்ந்து பாடிவிடுவார். அவர் குரல் ஒரு நொடி பிந்திக் கோயிலுக்குள் கேட்கும். தாளம் கெடுகிறது என்று இளைஞர் ஒருவர் அதை நிறுத்தப் போனபோது பெண்கள் பக்கத்திலிருந்து பலத்த எதிர்ப்பு வந்தது.

திருப்பணிக்கு மலிவான வழி தேடுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1713-இல் தமிழ் அச்சு வேலையைத் தொடங்கியபோது, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட எழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்தன. கையில் இருந்த தாளோ போதாது. லண்டனிலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளைச் சுற்றியிருந்த ஈய உறைகளை உருக்கி, அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். அவற்றைக் கொண்டுதான் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. 450 எம்.பி.யை 11 ஆக்கியதும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வேலைதான் என்று நான் சற்றுப் பெருமையாகவே நினைத்துக்கொள்கிறேன்.

காணிக்கைக்கும் வழி எளிது. யூ.பி.ஐ. முறை 2016-இல் வந்தது. சபையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு ஒரு க்யூ.ஆர். அட்டை எடுத்தோம். தனியாள் கணக்கு கூடாது என்பதில் உபதேசியார் உறுதியாக இருந்தார். அதை இணையத்தில் யாவரும் காண வெளியிடவும் இல்லை. வெளிநாட்டுக் குடிமக்களிடமிருந்து நன்கொடை பெறுவதற்குத் தனிச் சட்டமும் பதிவும் உண்டு. முப்பது குடும்பச் சபைக்கு அந்தச் சிக்கல் எதற்கு? அறுப்பின் பண்டிகை ஏலத்தில்தான் இவ்வட்டை தன் திறமையைக் காட்டியது. காணிக்கையாக வந்த பூசணிக்காயைத் திருப்பூரிலிருந்து ஒருவர் கைபேசி வழியே ரூ. 850-க்கு ஏலம் எடுத்தார். பணம் நொடியில் வந்துவிட்டது. பூசணிக்காயை எப்படி அனுப்புவது என்பதற்கு அறிவியல் விடை சொல்லாததால், அது அவருடைய தாயார் வீட்டுச் சாம்பாரில் முடிந்தது.

இவை யாவும் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியவை. ஒன்று அப்படிப்பட்டதன்று.

ஆராதனையில் விண்ணப்ப ஜெபம் என்று ஒரு பகுதி உண்டு. நோயுற்றோர், கடன்பட்டோர், திருமணம் தள்ளிப்போவோர் ஆகியோரின் பெயரைச் சொல்லி எல்லோரும் மன்றாடுவார்கள். சுவர்களுக்குள் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த வழக்கம் அது. கோயிலில் சொன்னது கோயிலோடு நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் ஓர் அக்கா தமக்கு வந்திருந்த நோயைச் சொல்லி ஜெபிக்கக் கேட்டார். அது பதிவாயிற்று. குழுவில் இருந்த யாரோ ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான் இருக்க வேண்டும், “இந்தச் சகோதரிக்காக ஜெபியுங்கள்” என்று வேறு குழுக்களுக்கு அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் அவர் வேலை செய்யும் இடத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவருடைய மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம் நின்றுபோயிற்று. அனுப்புநர் முதல் பெறுநர் வரை இடையில் யாரும் படிக்க முடியாத பூட்டு வாட்சப்பில் 2016 முதலே இருக்கிறது. வழியில் திருடுபவரைத்தான் அது தடுக்கும். பெற்றவரே கையால் எடுத்துக் கொடுத்தால் அது என்ன செய்யும்?

சபை கூடிப் பேசியது. பதிவே வேண்டாம் என்றனர் சிலர். திருப்பூரில் இருப்பவர்களை நினைத்து உபதேசியார் அதற்கு ஒப்பவில்லை. விண்ணப்ப ஜெபம் தொடங்கும்போது பதிவை நிறுத்திவிடுவது, குழுவில் பொறுப்பாளர் மட்டுமே செய்தி இடுவது, விண்ணப்பம் உள்ளவர்கள் உபதேசியாரிடம் நேரிலோ தனி அழைப்பிலோ சொல்வது என்று முடிவாயிற்று. இவற்றுக்கு ஒரு காசும் செலவில்லை. பதிவை நிறுத்தும் பொறுப்பு என் நண்பனுடையது. “விண்ணப்பம்” என்ற சொல் காதில் விழுந்ததும் அவன் கை தானாகவே கைபேசிக்குப் போகிறது.

அந்த அக்கா அதன் பிறகு கோயிலுக்கு வரவில்லை. குழுவிலிருந்தும் விலகிவிட்டார். சில வாரங்கள் கழித்து, முதியோரை இணைக்கும் ஞாயிறு அழைப்பில் ஐந்தாவது இடம் காலியாக இருக்கிறதா என்று உபதேசியாரின் மனைவியிடம் கேட்டாராம். இப்போது நால்வரை இணைத்த பிறகு அவரையும் இணைக்கிறோம். அவர் பாடுவதுமில்லை, பேசுவதுமில்லை. ஆசீர்வாதம் சொல்லி முடித்ததும் இணைப்பைத் துண்டித்துக்கொள்கிறார்.