கூம்பு நத்தை கற்பிக்கும் பாடம்

மலைநாட்டில் வாழும் நமக்குக் கடல் தூரத்து உறவினரைப் போன்றது. சுற்றுலாக் காலத்தில் மட்டுமே அதன் முகம் காண்கிறோம். ஹற்றனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் திருகோணமலைக்குச் செல்லும் நம் மாணவர், கரையில் இறங்கியதும் சிப்பி பொறுக்கத் தொடங்கிவிடுவர். கோலம் தீட்டியது போன்ற ஓடு கண்ணில் பட்டால் உடனே அது சட்டைப் பைக்குள் போய்விடும். அந்த ஓடு கூம்பு வடிவினதாயின், கையைப் பின்வாங்குவதே நன்று.

கூம்பு நத்தைகள் வெப்பக் கடல்களில் வாழும் ஊனுண்ணிகள். மன்னார் வளைகுடாவிலும் அவை உண்டு. அவற்றுள் ஒன்றுக்கு 1791 இல் இடப்பட்ட ‘கோனஸ் சைலானிக்கஸ்’ என்னும் பெயரிலேயே நம் இலங்கை இருக்கிறது. நத்தையோ மெல்ல ஊர்வது. மீனோ விரைந்து நீந்துவது. நத்தை மீனைப் பிடிப்பது எங்ஙனம்? அதன் பல் துளையுள்ள ஈட்டியாய் அமைந்திருக்கிறது. குழல் போன்ற உறுப்பை நீட்டி, நஞ்சு நிறைந்த அந்த ஈட்டியை எய்கிறது. மீன் ஓரிரு நொடியில் விறைத்துப் போகிறது. பெரும்பாலான இனங்கள் புழுக்களையே உண்கின்றன. மீன் உண்பன சிலவே. மனிதருக்கு மிகக் கொடியவையும் அவற்றுள்தான் உள்ளன. ‘கோனஸ் ஜியோகிராபஸ்’ கொட்டி மாண்டவர் உண்டு. அந்நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. மருத்துவமனையில் செயற்கை மூச்சளித்தே உயிர் காக்கவேண்டும்.

இந்நஞ்சை ஆராய்ந்த வரலாறு நம் மாணவர் அறியத்தக்கது. பிலிப்பைன்ஸ் நாட்டவரான பால்டொமெரோ ஒலிவேரா அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்துவிட்டுத் தாயகம் திரும்பினார். அவர் பயின்ற துறைக்கு வேண்டிய கருவிகள் அங்கு இல்லை. இல்லாததற்கு ஏங்கி நில்லாது, உள்ளூர்க் கடலில் எளிதிற் கிடைத்த கூம்பு நத்தையை ஆராயத் தலைப்பட்டார். பின்னர் யூட்டா பல்கலைக்கழகத்தில் அவ்வாராய்ச்சி தொடர்ந்தது. பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்து அங்கு வந்த மைக்கேல் மக்கின்டோஷ் என்னும் இளைஞர், ‘கோனஸ் மேகஸ்’ நத்தையின் நஞ்சிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். வலிச் செய்தி நரம்பின் வழியே செல்லாது தடுப்பது அது. அதே அமைப்பில் செயற்கையாக ஆக்கப்பட்ட ‘சிகோனோடைட்’ என்னும் மருந்துக்கு 2004 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வேறு மருந்துக்கு அடங்காத கொடிய வலிக்கு அதனை முதுகுத்தண்டைச் சூழ்ந்த நீரிற் செலுத்துகின்றனர். மோர்பினைப் போல அது மனிதரை அடிமையாக்குவதில்லை.

“ஆய்வுகூடம் இல்லை, கருவி இல்லை, விஞ்ஞானம் எப்படிக் கற்பது, சேர்?” என்று தோட்டத்துப் பிள்ளைகள் நம்மிடம் கேட்பதுண்டு. அக்குறை மெய்யானது, அதைத் தீர்க்கக் கடமைப்பட்டோர் தீர்த்தே ஆகவேண்டும். ஆயினும் அதுவரை கண்ணை மூடியிருத்தல் தகுமா? கொழுந்து பறிக்கும் நம் தாய்மாரின் காலைப் பற்றும் அட்டையை எடுத்துக்கொள்வோம். அதற்கும் ‘ஹெமடிப்சா சைலானிக்கா’ என இலங்கையின் பெயரே. உப்பும் சவர்க்காரமும் பூசி அதை விரட்ட நமக்குத் தெரியும். அது கடித்த இடத்தில் குருதி உறையாமல் ஒழுகுவது ஏன் என்று எத்தனை பேர் வினவியிருக்கிறோம்? மருத்துவ அட்டையிடம் அவ்வினாவை எழுப்பியவர்கள், அதன் எச்சிலில் ‘ஹிருடின்’ என்னும் பொருளைக் கண்டனர். குருதி உறைதலைத் தடுக்கும் மருந்துகளுக்கு அது வழிகாட்டிற்று.

மாணவர்களே, அடுத்த சுற்றுலாவில் கூம்பு வடிவ ஓட்டைக் கண்டால் தொடாது நின்று நோக்குங்கள். நோக்கியபின் வினவுங்கள். கருவி வரும்வரை வினா காத்திருக்க வேண்டியதில்லை.