வாயால் வாழும் தவளை

‘தவளை தன் வாயால் கெடும்’ என்பார்கள். மண்ணுக்குள் பதுங்கியிருக்கும் தவளைக்கு நுணல் என்று தமிழில் தனிப்பெயரே உண்டு. மழை வந்துவிட்டால் அது சும்மா இராது, கத்தும், இருக்குமிடம் தெரிந்துவிடும். ஆனால், வாயால் கெடாமல் வாயால் வாழும் தவளைக்குஞ்சு ஒன்று எங்கள் மலையில் இருக்கிறது.

திருவில்லிபுத்தூர் மலை ஓடைகளில் கண்டறியப்பட்டு, 2017-இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்ட அதன் பெயர் நாசிகாபட்ராகஸ் பூபதி. ஊர்வனவற்றை ஆராய்ந்து 2014-இல் மறைந்த முனைவர் பூபதியின் நினைவாக வைத்த பெயர். உப்பிய உடல், சின்னஞ்சிறு கண்கள், பன்றி போன்ற மூக்கு. இவ்வகைத் தவளைகள் ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழிக்கின்றன. கறையானே முதன்மை உணவு. மழை பெய்ததும் முட்டையிட ஓடைக்கு வரும். குஞ்சுகளோ, வெள்ளம் பாயும் பாறையில் உறிஞ்சும் வாயால் அட்டைபோல் ஒட்டிக்கொண்டு, பாசியைச் சுரண்டித் தின்று வளர்கின்றன. வாயை எடுத்தால் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும்!

2003-இல் கேரளத்தில் கண்டறியப்பட்ட இதன் உறவுத் தவளை தென்மேற்குப் பருவமழையில் இனம் பெருக்குகிறது. நம் தவளையோ வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறது. மழை மறைவான இந்தக் கிழக்குச் சரிவில் ஐப்பசி மழைதானே ஓடையை நிரப்புகிறது?

எங்கள் கண்மாயும் அதே மழைக்குத்தான் காத்திருக்கிறது. என் தந்தை கூலி விவசாயி. கண்மாய் நிறைந்தால் நடவு. நடவு நடந்தால் கூலி. கூலி வந்தால் என் தேர்வுக் கட்டணம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். “தவளையப் படிக்கவா இம்புட்டு தூரம் பஸ்ஸுல போற?” என்று அம்மா கேட்டாள். “நம்ம ஓடையப் படிக்கிறேன்மா” என்றேன். அவளுக்கு அது புரிந்தது.

உலகின் இருவாழ்விகளில் நூற்றுக்கு 41 இனங்கள் அழியும் ஆபத்தில் உள்ளதாக 2023-இல் மதிப்பிட்டுள்ளனர். ஓடைப் பாறையைப் பெயர்த்தால் குஞ்சுக்குப் பிடிமானம் இல்லை. தண்ணீரை மேலேயே குழாயில் திருப்பிவிட்டால் குஞ்சுக்கும் வாழ்வில்லை, கண்மாய்க்கும் வரத்தில்லை. தவளைக்கு ஒரு நியாயம், உழவனுக்கு ஒரு நியாயம் என்று மலை பிரித்து வைக்கவில்லை.

நண்பர்களே! அந்தக் குஞ்சின் வாய் பாறையைப் பிடிக்கத்தான் உதவும். ஓடைக்காகப் பேச உதவாது. அதற்குப் படித்த நம் வாய் வேண்டும். திறப்போம்; கெட்டுவிட மாட்டோம்.