கறை ஏற்கும் துணியும் கறை ஏற்காத துணியும்



இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் தெருக்களில் ஒருமுறை நடந்தவர்கள் அங்குள்ள விசைத்தறிகளின் ஓசையை எளிதில் மறக்கமாட்டார்கள். அந்தத் தறிகளில் ஓடுவது சேலையுமன்று, வேட்டியுமன்று. காயத்திற்குக் கட்டும் பேண்டேஜ் துணி. ஊர் முழுவதும் வெண்மை. வாசற்படியிலும், தலைமுடியிலும், தேநீர்க் கடையின் கண்ணாடி டம்ளரிலும்கூடப் பஞ்சுத் தூசி படிந்திருக்கும்.

பஞ்சைக் குறித்து நாம் அதிகம் கவனியாத ஒன்று உண்டு. செடியிலிருந்து பறித்த பஞ்சு தண்ணீரை எளிதில் ஏற்பதில்லை. அதன் இழையைச் சுற்றி மெல்லிய மெழுகுப்படலம் ஒன்றை ஆண்டவர் வைத்திருக்கிறார். மருத்துவத்துக்குரிய பஞ்சைக் காஸ்டிக் சோடா கலந்த நீரில் கொதிக்கவைத்து அந்த மெழுகை நீக்குகிறார்கள், அதன்பின்பே வெளுக்கிறார்கள். இப்படி ஆயத்தம் செய்த பஞ்சைத் தண்ணீரின்மேல் இட்டால் 10 விநாடிகளுக்குள் அது மூழ்கவேண்டும் என்பது தரவிதி. மூழ்காமல் மிதந்தால், எவ்வளவு வெண்மையாயிருந்தாலும் அது மருத்துவமனைக்கு உதவாது. இரத்தத்தையும் சீழையும் தன்னுள் வாங்கிக்கொள்வதற்கென்றே ஆயத்தமாக்கப்பட்ட பொருள் அது.

இதற்கு நேர் எதிரான ஊழியத்திற்கு நியமிக்கப்பட்ட துணியும் உண்டு. அதை நான் அருகிலிருந்து பார்த்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு வீட்டில்.

அவ்வீட்டின் தலைவர் சத்திரப்பட்டியில் சில தறிகளை நடத்துகிறவர். மூத்த மகன் கல்லூரி நாட்களில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்து, மாதிரி விமானம் செய்யப் பழகியவன். இப்பொழுது வெளியூரில் வேலை. இளையவள் நர்சிங் படிப்பை முடித்தவள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஜெபிக்கச் சென்றிருந்தபோது, பீரோவின்மேல் பாலித்தீன் உறையில் சுற்றப்பட்ட ஒரு விமானத்தை மகன் கீழே இறக்கினான். ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமுள்ள இறக்கை. பால்சா மரச்சட்டத்தின்மேல் மெல்லிய பட்டுத்துணி போர்த்தியது. “தூசி படக்கூடாதுன்னு நான்தான் ஐயா மூணு சுற்றுச் சுற்றிக் கட்டி வச்சேன்” என்றார் தகப்பனார்.

உறையைப் பிரித்ததும் பூஞ்சை வாசனை எழுந்தது. வடகிழக்குப் பருவமழையின் ஈரம் பாலித்தீனுக்குள் அடைபட்டு, துணியை ஒட்டியிருந்த மாப்பசையைப் பூஞ்சை தின்றிருந்தது. இறக்கையின் ஓரம் மரத்தைவிட்டுக் கழன்று நின்றது. மூக்குப்பகுதியில் பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான கறை. தூசி மட்டும் ஒரு துளியும் இல்லை!

அந்தக் கறையின் கதையை மகன் சொன்னான். இவ்வகைச் சிறு இயந்திரங்கள் மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருளில் ஓடுகின்றன. மெத்தனால் எரிந்துவிடும், விளக்கெண்ணெயில் பெரும்பகுதி எரியாமல் புகைக்குழாய் வழியாகத் தெறித்து இறக்கையெங்கும் படியும். பறக்கிற விமானம் எதுவும் இதற்குத் தப்பாது. அன்று மாலையே சிறிது சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் துடைத்தால் போய்விடும். விட்டுவைத்தால் வார்னிஷ்போல இறுகிப்போகும். துணியில் ஊசிமுனையளவு துளை இருந்தாலும் போதும்; எண்ணெய் அதன் வழியே மரத்தில் ஊறும். ஊறிய மரம் கனக்கும், அதன்மேல் பசை ஒட்டாது, பூச்சும் பிடிக்காது. மக்காச்சோள மாவைத் தூவி எண்ணெயை உறிஞ்சவைக்கும் வைத்தியம் ஒன்று இருக்கிறதாம், ஓரளவுக்குத்தான் பலன்.

ஆகவே துணி விமானத்தைக் கறையிலிருந்து காக்கும் வேலை, கறை படுவதற்கு வெகு முன்னரே தொடங்குகிறது. சட்டத்தைத் தேய்த்த மரத்தூளை முற்றிலும் துடைக்கவேண்டும். கையிலுள்ள வியர்வையும் எண்ணெயும் மரத்தில் படலாகாது. பட்டை நனைத்து விரித்து ஒட்டினால், உலரும்போது அது சுருங்கி மத்தளத் தோல்போல இறுகும். அதன்பின் ‘டோப்’ என்னும் கரைசல். நகப்பூச்சும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். நீர்த்த கரைசலைப் பூசி, உலரவிட்டு, இலேசாகத் தேய்த்து, மீண்டும் பூசவேண்டும். இழைகளுக்கு இடையிலுள்ள கண்கள் யாவும் அடைபடும்வரை பூசவேண்டும். மழை நாளில் பூசினால் காற்றின் ஈரத்தால் வெண்மையாய்ப் பூத்துவிடும். வெயில் நாளுக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. இத்தனைக்கும் சாதாரண டோப்பை மெத்தனால் கரைத்துவிடும் என்பதால், எரிபொருளுக்குக் கரையாத பூச்சு ஒன்று கடைசியாக வேண்டும். பிற்பாடு தூசியைத் துடைப்பதிலும் ஒழுங்கு உண்டு: முதலில் மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, அதன்பின்பே துணி. இல்லையேல் மணல் துகளே கீறிவிடும். தின்னர் அருகே வரக்கூடாது. வெயில் படாத இடத்தில் தொங்கவிட்டுப் பழைய வேட்டியொன்றைப் போர்த்தினால் போதும். அதற்குள் காற்று நுழையும்.

தகப்பனார் இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பின்பு உள்ளே சென்று, தம் தறியில் நெய்த துணியில் ஒரு மடிப்பை எடுத்துவந்து மகனிடம் நீட்டினார். அவன் அதைச் சன்னலுக்கு நேரே பிடித்தான். தெருவிலிருந்த மரம் அதன் வழியே தெரிந்தது. “இதை எத்தனை தடவை பூசினாலும் கண் அடையாதுப்பா.”

“அடையக்கூடாதுன்னுதானே நெய்யிறோம்” என்றார் அவர்.

அவ்வீட்டில் ஜெபிக்கும்படி என்னை அழைத்த காரியம் விமானமன்று, மகளுடைய காரியம். வடநாட்டிலுள்ள ஒரு மிஷன் மருத்துவமனை அவளை வேலைக்கு அழைத்திருந்தது. அவளுக்குப் போக மனது. தகப்பனார் மறுக்கிறார்: ஊர் தெரியாது, மொழி தெரியாது, பெண்பிள்ளைக்கு ஒரு சொல் வந்துவிட்டால் துடைக்க முடியாது. அவருடைய அச்சத்தை நான் இலகுவாக எண்ணவில்லை. தகப்பன் அஞ்சுவது அன்பினால். ஆயினும் அந்தப் பாலித்தீன் உறை என் கண்முன்னே கிடந்தது.

நான் அவருக்கு மற்றொரு தகப்பனைப் பற்றிச் சொன்னேன். மில்டன் ரைட் ஐக்கிய சகோதரர் சபையின் பேராயர். 1878-ஆம் ஆண்டு, ரப்பர் பட்டையால் சுழன்று மேலெழும் ஒரு விளையாட்டுப் பொருளைத் தம் இளைய பிள்ளைகளுக்கு வாங்கிவந்தார். அந்தப் பிள்ளைகள் வில்பரும் ஆர்விலும். 1903 டிசம்பர் 17 அன்று அவர்கள் பறந்த விமானத்தின் இறக்கை பருத்தி மஸ்லின், அக்காலத்துக் கடைகளில் கெஜக்கணக்கில் விற்ற சாதாரணத் துணி. அதன்மேல் எந்தப் பூச்சும் பூசவில்லை. அன்றே நான்காம் பயணத்துக்குப்பின் காற்றில் புரண்டு உடைந்து, அது மீண்டும் பறக்கவேயில்லை. பெட்டிகளில் அடைத்துவைத்தார்கள். 1913 மார்ச்சில் டேட்டன் நகரில் பெருவெள்ளம். பெட்டிகள் 11 நாட்கள் சேற்று நீருக்குள் கிடந்தன. பெட்டிக்குள் இருந்ததையும் சேறு தேடி வந்தது. 1927-இல் ஆர்வில் அதே வகை மஸ்லினை வாங்கிப் புதிதாய்ப் போர்த்தினார். பழைய துணியின் தபால்தலையளவுத் துண்டு ஒன்று 2021-இல் செவ்வாய்க் கோளில் பறந்த சிறு ஹெலிகாப்டரில் கட்டப்பட்டிருந்தது.

அதன்பின் யாக்கோபின் நிருபத்தைத் திறந்தோம். முதலாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை நம்மில் அநேகர் பாதியாகவே நினைவில் வைத்திருக்கிறோம். கறைபடாமல் தன்னைக் காத்துக்கொள்வதைக் குறித்து யாக்கோபு எழுதியது உண்மை. ‘அஸ்பிலோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் கறையற்ற என்பதே பொருள். ஆனால் அதே வாக்கியத்தில், அதற்கு முன்னதாக, துன்பத்திலிருக்கும் அநாதைகளையும் விதவைகளையும் போய்ப் பார்ப்பதை அவர் வைத்திருக்கிறார். ஒன்றைச் செய்ய மற்றொன்றை விடவேண்டும் என்று அவர் எண்ணியதாகத் தெரியவில்லை. வீட்டை விட்டு வெளியே போகிறவருக்குத்தான் அந்த வசனமே தேவைப்படுகிறது. அந்த மகளை இருபது ஆண்டுகளாகக் குடும்ப ஜெபத்திலும் வசனத்திலும், படிப்படியாக, பொறுமையோடு வளர்த்தவர்கள் இந்தப் பெற்றோரே. அதை அவர்களுக்கு நினைப்பூட்டினேன். தகப்பனார் பதில் சொல்லவில்லை. தாயார் மட்டும் மகளைப் பார்த்துத் தலையசைத்தார்.

மகன் விடுமுறை முடியுமுன் பழைய பட்டை உரித்தெடுத்தான். மரம் பெரும்பாலும் நன்றாயிருந்தது. எண்ணெய் ஊறிய மூக்குப்பகுதியை மட்டும் வெட்டி நீக்கிப் புதிதாய்ப் பொருத்தினான். ஈரம் அதிகமாயிருந்ததால் டோப் பூசுவதை மாசி வெயிலுக்கென்று தள்ளிவைத்திருக்கிறான். மருத்துவமனைக்கு இம்மாத முடிவுக்குள் பதில் எழுதவேண்டும். சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின், அவ்வூருக்கு எந்த ரயிலில் போகவேண்டும், வழியில் எத்தனை இடத்தில் மாறவேண்டும் என்று தகப்பனார் என்னிடம் விசாரித்தார். அந்தக் குடும்பத்தை உங்கள் ஜெபங்களில் நினைத்துக்கொள்ளுங்கள்.