கோடியக்கரைப் புல்வெளி

வேதாரண்யத்திலிருந்து தெற்கே போகும் பேருந்தில் அகஸ்தியம்பள்ளி உப்பளங்கள் முடிந்து கோடியக்காடு தொடங்கும்போதே காற்று மாறிவிடும். உப்புக் கரிப்பு போய், பாலை மரங்களின் அடியில் மக்கிக் கிடக்கும் சருகின் வாடை வரும். பாலைப்பழக் காலமானால் வாயெல்லாம் பிசுபிசுக்க நடப்போம். அந்தக் காட்டைத் தாண்டினால் புல்வெளி. என் பால்யத்தில் கண்ணுக்கு எட்டிய வரை தடையே இல்லாத நிலம் அது ஒன்றுதான்.

பெரியப்பா உப்பளத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1967-ல் அந்த இடம் சரணாலயமாவதற்கு முன்பிருந்தே வெளிமான்களைப் பார்த்து வளர்ந்தவர். பங்குனி வெயிலில் எங்களை அங்கே கூட்டிப்போய், காற்றுக்கு எதிர்ப்பக்கமாக உட்காரவைப்பார்.

“கருப்பா இருக்கறதெல்லாம் ஆணுதான். ஆனா ஆணெல்லாம் கருப்பா இருக்காது தம்பி” என்பார்.

உண்மைதான். இளம் ஆண்கள் பெட்டைகளைப் போலவே வெளிர்பழுப்பாக இருக்கும்; கொம்பை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். வயது ஏற ஏற முதுகும் கழுத்தும் முகமும் இருளும். வயிறும் கண்வளையமும் மட்டும் பளீரென்று வெளுப்பாகவே நிற்கும். இனச்சேர்க்கைப் பருவம் தணிந்தால் அந்தக் கருமை சிலவற்றில் மங்கியும் போகும். உடலில் ஊறும் ஹார்மோன் ஏறி இறங்குவதை வெளியே காட்டும் நிறம் அது. இன்னொரு கலை, அதாவது ஆண் மான், அரை மைல் தள்ளி நின்றே ‘இவனிடம் மோதலாமா, ஒதுங்கலாமா’ என்று முடிவெடுத்துக்கொள்ளலாம். முறுக்கு முறுக்காக வளரும் இரட்டைக் கொம்பும் அதே செய்தியைத்தான் சொல்கிறது.

இடம்பிடித்த கலை நடக்கும் நடையை இன்றைக்கும் என்னால் கண்ணை மூடிப் பார்க்க முடிகிறது. மூக்கை வானத்துக்குத் தூக்கி, கொம்புகள் முதுகை ஒட்டிக் கிடக்க, வாலைச் சுருட்டிக்கொண்டு, விறைத்த கால்களால் பெட்டையைச் சுற்றி வரும். தொண்டையிலிருந்து ஓர் உறுமல் எழும். பெட்டை பெரும்பாலும் தலையைக்கூட நிமிர்த்தாமல் புல் மேய்ந்தபடி எல்லையைக் கடந்துபோய்விடும். அத்தனை ஆர்ப்பாட்டமும் அதன் ஒரு சம்மதத்துக்காக. அந்த முடிவு கடைசிவரை பெட்டையின் கையில் இருந்தது எனக்கு அன்றும் வியப்பு, இன்றும் வியப்பு.

எல்லை கண்ணுக்குத் தெரியாது, பெரியப்பாதான் காட்டித்தந்தார். புல்லில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இட்ட புழுக்கைக் குவியல். கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. “பாத்து நட. இது அவன் வீட்டு வாசல்.” கண்ணுக்கு முன்னே இருக்கும் சுரப்பியைக் குச்சி நுனியிலும் புல் தாளிலும் கலை உரசிவைக்கும், அந்தப் பிசுக்கின் வாடை அது வேறெங்கோ போயிருந்தாலும் அதன் பேரில் பேசும். இத்தனை ஏற்பாடும் சண்டையைத் தவிர்க்கத்தான் என்பது என் எண்ணம். இரண்டு கலைகள் எல்லையில் அக்கம்பக்கமாக நடந்து, முறைத்து, பிரிந்துபோவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். கொம்பைப் பிணைத்துத் தள்ளிக்கொள்வதும் உண்டு. அப்போது மண் பறக்கும்.

குஜராத்தின் வேளாவதர் புல்வெளியில் இதே மான்கள் நெருக்கியடித்துக்கொண்டு துண்டு துண்டாக இடம் பிடிக்கின்றன. அந்தத் துண்டு நிலத்தில் மேய்வதற்கு ஏதுமில்லை. பெட்டைகள் அங்கே வருவது கலைகளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க மட்டும். கோடியக்கரையில் நாங்கள் கண்ட கலைகளோ தள்ளித் தள்ளி, தனித்தனியாக, வெயிலைத் தாங்கி நின்றன. மந்தை நிழல் தேடி நகர்ந்த பிறகும் நின்றன.

சேற்றுநிலப் பக்கம் போனால் வேறொரு கூத்து. ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்கு மீறிப் பெருத்த குட்டி நண்டுகள், வளை வாசலில் நின்று அதை ஆட்டி ஆட்டிப் பெட்டையை அழைக்கும். அந்தப் பெரிய கொடுக்கால் தின்ன முடியாது; சின்னதை வைத்தேதான் சேற்றை அள்ளும். சண்டையில் பெரியது முறிந்தால் மறுபடி முளைக்கும். சில இனங்களில் புதுக் கொடுக்கு நீளத்தில் குறையாது, வலுவில் குறையும். எதிரிக்கு அந்த வித்தியாசம் எளிதில் பிடிபடாது.

இந்தக் காட்சிகள் எல்லாமே திறந்த நிலத்தை நம்பியவை. புல்லுக்கு மேலே கருப்பும் வெள்ளையும் தெரிய வேண்டும், தூக்கிய மூக்கு தெரிய வேண்டும். சீமைக்கருவேலம் அந்த இடத்தில்தான் நுழைந்தது. அதன் இனிப்பான காய்களை மாடுகளும் காட்டுக்குதிரைகளும் தின்று, சாணத்தோடு விதையைப் புல்வெளி எங்கும் போட்டன. நான் உட்கார்ந்து பார்த்த இடங்களில் பிற்காலத்தில் முள்தான் நின்றது. முள்ளுக்குள் ஒரு கலை எவ்வளவு கருத்திருந்தால் என்ன, யாருக்குத் தெரியும்? 2018 நவம்பரில் கஜா புயல் வந்து பெரிய மரங்களைச் சாய்த்தது; மான்களும் செத்தன. அந்தச் செய்தி கேட்ட இரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

வனத்துறை சீமைக்கருவேலத்தை அகற்றிவருகிறது. மேலே வெட்டிவிட்டால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும் செடி அது. வேரோடு பிடுங்கவேண்டும், பிடுங்கிய இடத்தில் முளைக்கும் கன்றுகளை ஆண்டுதோறும் களையவேண்டும். செலவு பிடிக்கும் வேலை, சலிப்பூட்டும் வேலை. அதை விடாமல் செய்யச்சொல்லி வேதாரண்யத்துக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நானும் சேர்த்து.