வழுவிய அளவுகோல்

ஹப்பிள் விண்தொலைநோக்கி 1990 ஏப்ரலில் விண்ணேறியது. அதன் கேமராக்கள் அனுப்பிய படங்களோ மங்கலாயிருந்தன. 2.4 மீட்டர் விட்டமுள்ள முதன்மைக் குழியாடி, விளிம்பில் சுமார் 2 மைக்ரான் கூடுதலாகத் தட்டையாயிருந்தது. மயிரிழையின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆடியின் வளைவைச் சோதித்த கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் விலகி அமைந்திருந்தது. அக்கருவி சொன்னபடியே, மிகத் துல்லியமாகத் தவறான வடிவம் உருவாயிற்று. வேறு சோதனைகள் பிழையைச் சுட்டியும், அவை துல்லியம் குறைந்தவை என்று ஒதுக்கப்பட்டன.

இருபதாண்டுகளாகப் பிறர் எழுத்துக்கு மதிப்பெண் இடுபவன் நான். இவ்வரலாற்றில் என்னை உறுத்துவது அந்த ஒதுக்கல்தான். உரையாசிரியர்கள் சொல்லாத பொருளொன்றைச் சங்கப் பாடலில் ஒரு மாணவி காணும்போது, வழுவியது அவள் வாசிப்பா, என் அளவுகோலா?

ஆடியை மாற்ற இயலவில்லை. பிழையின் அளவைக் கணக்கிட்டு, அதற்கு நேரெதிரான வளைவைப் புதிய கேமராவின் சிற்றாடிகளில் அமைத்தனர். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் அதைப் பொருத்தியபின் படங்கள் தெளிந்தன. முதன்மை ஆடி அதே பிழையுடன்தான் இன்றும் சுற்றுகிறது.

இப்போதெல்லாம் ஐயம் எழுப்பும் கட்டுரைகளை, மதிப்பெண் இடுமுன், இயற்பியல் துறை நண்பரிடம் படிக்கக் கொடுக்கிறேன். யாப்பு அறியாதவர், என்னைவிடத் துல்லியம் குறைந்த கருவிதான். ஆயினும் அவர் புருவம் உயர்த்தும் இடத்தை நான் மீண்டும் ஒருமுறை வாசிக்கிறேன்.