கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. செய்தி வந்த கையோடு, ஆடிட்டராக இருக்கும் என் நண்பரின் அலுவலகத்துக்கு ஏஎம்சி என்கிற ஆண்டுப் பராமரிப்பை எடுத்திருக்கும் ஒப்பந்தக்காரர் விலைப்பட்டியலை நீட்டிவிட்டார். இருக்கிற எட்டுக் கணினிகளும் விண்டோஸ் 11-க்குத் தேறாது, எட்டையும் மாற்றியாக வேண்டும் என்றார். நண்பருக்கு மனம் ஒப்பவில்லை. "ரிச்சி ஸ்ட்ரீட்ல போர்டு வேலை பாக்குறவர் ஒருத்தர் இருக்கார். அவர் சொன்னா நம்புவேன். நீயும் வா" என்று என்னைக் கூட்டிப் போனார்.

சென்னை அண்ணா சாலையை ஒட்டியிருக்கும் அந்தச் சின்னத் தெருவில் கண்ணில் படுவதெல்லாம் விற்பனைதான்: கேமரா, கேபிள், கீபோர்டு, கூவி அழைக்கும் பையன்கள். பழுது பார்ப்பவர்கள் மாடிகளில் இருக்கிறார்கள். ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படி. மேலே சாலிடர் புகை மணக்கும் ஒற்றை அறை. மேசை முழுக்க உரித்துப்போட்ட மதர்போர்டுகள்.

நாங்கள் தேடிப் போன அண்ணனுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். போளூர்ப் பக்கம் ஒரு கிராமம். ஐடிஐயில் ரேடியோ, டிவி மெக்கானிக் படித்துவிட்டுத் தொண்ணூறுகளில் சென்னைக்கு வந்தவர். படக்குழாய் டிவி பார்த்தார். டிவி வேலை குறைந்ததும் மானிட்டர். அதுவும் குறைந்ததும் மதர்போர்டு. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிய பிறகு, பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு படியேறி வர ஆரம்பித்தார்களாம். "அதுங்ககிட்ட பார்ட்ஸ் காசு மட்டும்தான் சார் வாங்குவேன். அந்த போர்டுலதான நான் லேப்டாப்பே கத்துக்கிட்டேன்" என்றார். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. சர்க்யூட் படத்தைக் கம்பெனிகள் வெளியே விடுவதில்லை. செத்துப்போன போர்டுகளை எடைக்கு வாங்கி, கோடு கோடாக மீட்டர் வைத்துத் தொட்டுத் தொட்டுத் தானே படம் போட்டிருக்கிறார். அந்த நோட்டுகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன.

நாங்கள் போன நேரம் உயிரே இல்லாத ஒரு லேப்டாப் மேசையில் கிடந்தது. அடாப்டர் மாட்டினால் விளக்குக்கூட எரியவில்லை. 19 வோல்ட் வரும் பாதையில் மீட்டர் முனையை வைத்தார். 'பீப்' என்று விடாமல் கத்தியது. ஷார்ட்.

"இந்த லைன்ல மட்டும் எத்தனை கெப்பாசிட்டர் தொங்குது பாருங்க. ஒண்ணு போனாலும் எங்க வெச்சாலும் மீட்டர் கத்தும். எது போச்சுன்னு எப்படிச் சொல்லுவீங்க?"

எனக்கு வழி தெரியவில்லை. அவர் மேசை பவர் சப்ளையை எடுத்து 1 வோல்ட்டில் வைத்து, அதே பாதையில் இரண்டு கம்பிகளைப் பிடித்தார். 19 வோல்ட்டையே கொடுத்தால் போர்டின் செம்புக்கோடு கருகிவிடும். மின்சாரம் தப்பித்தவறி பிராசஸருக்குள் பாய்ந்தால் அதோடு எல்லாம் முடிந்தது. அதனால்தான் இந்த நிதானம். பிறகு சிரிஞ்சால் ஐபிஏ என்கிற ஆல்கஹாலைப் போர்டின் மேல் பரப்பினார். போர்டு முழுக்க ஈரமாகப் பளபளத்தது. ஷார்ட் ஆன இடத்தில்தான் மின்சாரம் எல்லாம் போய் விழும், அங்கேதான் சூடேறும். சில நொடிகளில் ஒரே ஒரு புள்ளியில் ஈரம் சுருங்கி விலகியது. கடுகளவு கெப்பாசிட்டர் ஒன்று மட்டும் உலர்ந்து நின்றது.

ப்ளோயரால் அதை எடுத்தார். மீட்டர் அடங்கியது. பழைய போர்டிலிருந்து ஒன்றைக் கழற்றி அங்கே வைத்து அடாப்டரை மாட்டினார். விசிறி சுற்றியது. ஒரு மனிதன் கையில் இவ்வளவு அழகான தர்க்கத்தை நான் அண்மையில் பார்த்ததில்லை.

அந்தக் கெப்பாசிட்டரின் விலை சில்லறைக் காசு. லேப்டாப்பை அனுப்பியவர் வேறொரு ஒப்பந்தக்காரர். அண்ணனுக்கு 600 ரூபாய் கொடுப்பார். வாடிக்கையாளருக்கு 'போர்டு மாற்றியது' என்று பல ஆயிரத்துக்கு பில் போகும். "கண்டுபிடிக்கிறதுக்குக் காசு கிடையாது சார். எதையாவது மாத்துனாத்தான் காசு." கோபமில்லாமல் சொன்னார். எனக்குத்தான் கோபம் வந்தது. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென ஒரு இணையதளம் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் சர்க்யூட் படத்தை இந்த மாடியறைக்குத் தரும்படி எந்தக் கம்பெனியையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பொருளைச் செய்தவன் படத்தைப் பூட்டிவைக்கிறான், நடுவில் நிற்பவன் பொய் பில் போடுகிறான், தெரிந்தவன் மாடியில் புகைக்குள் உட்கார்ந்திருக்கிறான். கண்டறியும் அறிவுக்கு விலை வைக்காத சந்தை, அதை வளர்ப்பதற்கும் ஆள் வைக்காது.

அறையின் மூலையில் ஒரு பெண். அண்ணன் அவரைத் 'தங்கச்சி' என்கிறார், வருபவர்கள் 'மேடம்' என்கிறார்கள். டேலி, எக்செல், ஆக்சஸ் கோப்புகளின் சிக்கல் அவர் பொறுப்பு. அவருக்கும் இதே கதைதான். ஏப்ரல் மாத பில்கள் சில டிசம்பர் வரை சிதறிக் கிடக்கின்றன என்று ஒரு கடைக்காரர் கோப்பைக் கொண்டுவந்திருந்தார். மேடம் வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏப்ரல் 3 என்று 03/04 அடித்தால் மார்ச் 4 ஆகியிருக்கிறது. 13/04 என்று அடித்தவை தேதியாகவே மாறாமல் வெறும் எழுத்தாக ஒதுங்கிவிட்டன. புதிதாக விண்டோஸ் போட்டவர் தேதி அமைப்பை அமெரிக்காவில் விட்டுவிட்டார். எக்செல் மேல் பிழையில்லை. அமைப்பை மாற்ற அரை நிமிடம். ஏற்கெனவே புரண்டுபோன தேதிகளைப் பில்லோடு ஒப்பிட்டுத் திருத்த மதியம் வரை ஆனது. "இதுக்கா மேடம் இவ்ளோ?" என்று பேரம் பேசித்தான் பணத்தை வைத்தார் கடைக்காரர்.

மறுநாள் அண்ணன் நண்பரின் அலுவலகத்துக்கே வந்தார். எட்டில் மூன்று கணினிகள் எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசஸர் கொண்டவை. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் வசதி அவற்றிலேயே இருந்தது. பயாஸில் அணைந்து கிடந்தது. போட்டுவிட்டார், மூன்றும் தேறிவிட்டன. மற்ற ஐந்தும் பழைய தலைமுறை. அவற்றுக்கு நிறுவனங்கள் ஆண்டுதோறும் கட்டணம் கட்டி 2028 அக்டோபர் வரை திருத்தங்கள் வாங்கலாம். எதற்கு வாங்கலாம், எதை வெறும் டேலிக்கென்று இணையத்திலிருந்து பிரித்துவைக்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எஸ்எஸ்டி மாற்றச் சொன்னது ஒன்றுக்கு மட்டும்.

இனி ஏஎம்சியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் நண்பர். அண்ணன் தயங்கினார். "எங்கிட்ட ஜிஎஸ்டி நம்பர் இல்ல சார். அது இல்லாம ஆபீஸ்ல சேத்துக்க மாட்டாங்கன்னுதான் அவங்க மூலமா வேலை எடுக்குறேன்."

"அண்ணே, சேவைத் தொழிலுக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டினாத்தான் பதிவே வேணும். சாதா பில் போதும்" என்றார் நண்பர். இதைச் சொல்ல அண்ணனுக்கு இத்தனை வருஷமாக ஓர் ஆடிட்டர் வாய்க்கவில்லை. அன்றைக்கே பில் எழுதினார்கள். முதல் வரியில் 'பழுது கண்டறிந்த கூலி' என்று தனியாக எழுத வைத்தது நண்பர்தான். தொகை என்ன போடுவது என்று அண்ணன் நெடுநேரம் யோசித்தார்.