நூறு வேண்டாம்ப்பா, எண்பது போதும்!

எங்கள் அப்பாவுக்கு வீட்டில் எதுவும் குறைந்திருக்கக் கூடாது. தண்ணீர்த் தொட்டி தளும்ப வேண்டும். ஒரு சிலிண்டர் தீர்வதற்குள் அடுத்தது வந்து நிற்க வேண்டும். அப்படிப்பட்டவர் ரிட்டயர்மென்ட் பணத்தில் எலெக்ட்ரிக் கார் வாங்கினால்? பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தாலும் ராத்திரி சார்ஜரைச் செருகிவிடுவார். காலையில் திரையில் 100 தெரிந்தால்தான் காபியே இறங்கும்.

"தினமும் நூறு வேண்டாம்ப்பா. பேட்டரி சீக்கிரம் வீக் ஆயிடும்" என்றேன்.

"பாதி டேங்க்கோட வண்டியை நிறுத்துற பழக்கம் எனக்கு இல்லடா."

விளக்கிச் சொன்னேன். லித்தியம் அயன் பேட்டரிக்கு முழு சார்ஜ் என்பது, வயிறு முட்டச் சாப்பிட்டது மாதிரி. அந்த நிலையிலேயே கிடந்தால் உள்ளே இருக்கும் ரசாயனங்கள் வேகமாகச் சிதையும். எங்கள் மதுரையின் மே மாத வெயிலும் சேர்ந்தால் இன்னும் வேகம். அன்றாட ஓட்டத்துக்கு 20-க்கும் 80-க்கும் நடுவில் வைத்திருந்தால் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும். வெளியூர் போகிற அன்று 100 ஏற்றுவதில் தப்பில்லை. நிரப்பி, நாள்கணக்கில் நிறுத்திவைப்பதுதான் கெடுதல்.

தலையாட்டினார். மறுநாள் காலையும் 100.

அம்மாதான் காரணம் சொன்னார். "பன்னிரண்டு வருஷம் முன்னாடி எனக்கு ராத்திரி நெஞ்சுவலி வந்துச்சே... நீ அப்ப சென்னையில இருந்த. பெட்ரோல் தீர்ந்து கார் பாதி வழியில நின்னுடுச்சு. நடுரோட்டுல உங்கப்பா ஆட்டோவுக்குக் கையாட்டினது இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்குது. அன்னையிலேர்ந்துதான் இப்படி."

அதற்குப் பிறகு நான் ரசாயனம் பேசவில்லை. ஒரு தாளில் கணக்குப் போட்டேன். எங்கள் கார் முழு சார்ஜில் நிஜமாக ஓடுவது 300 கி.மீ. எண்பது சதவிகிதத்தில் 240. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி 9 கி.மீ.

"எண்பதுலயே பதிமூணு தடவை போய்ட்டு வரலாம்ப்பா."

அப்பா தாளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவரே காருக்குள் போய் உட்கார்ந்து, சார்ஜ் 80-இல் நிற்கும்படி திரையில் மாற்றினார்.

இப்போது கார் வேப்பமர நிழலில் நிற்கிறது. ஓட்டிவந்த சூட்டோடு சார்ஜரைச் செருகுவதில்லை. ஃபாஸ்ட் சார்ஜர், ஹைவேயில் போகும்போது மட்டும்.

ஒரு விஷயம். எங்கள் காரில் இருப்பது நிக்கல் கலந்த பேட்டரி. இப்போது வரும் பல கார்களில் எல்.எஃப்.பி. வகை இருக்கிறது. மீதமுள்ள சார்ஜைக் கார் சரியாகக் காட்டுவதற்காக, அதை அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்வார்கள். உங்களுடையது எந்த வகை என்று காரோடு தந்த புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கணக்குத் தாளை அப்பா அம்மாவின் மருந்துச் சீட்டோடு சேர்த்துக் காரிலேயே வைத்திருக்கிறார். காலையில் 80-ஐப் பார்த்துவிட்டுக் காபி குடிக்கிறார்.

தண்ணீர்த் தொட்டி மட்டும் இன்னும் தளும்பிக்கொண்டுதான் இருக்கிறது!